மாணவர் கட்டணத்தில் ஒரு "வேண்டாம்" பெட்டி

இண்டைக்கு நாங்கள் கதைக்கப்போறது பல்கலைக்கழகக் கட்டணச் சீட்டில் அடியில கிடக்கிற சின்னச் சின்னத் தொகைகளைப் பற்றி. பிள்ளை யோர்க்குக்கோ ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கோ போற வீடுகளில இந்தச் சீட்டைப் பார்த்திருப்பீங்கள். மேல படிப்புக் கட்டணம், ஆயிரக்கணக்கில. கீழ மாணவர் ஒன்றியம், மாணவர் பத்திரிகை, வானொலி, சட்ட உதவி என்று ஒரு நீளமான வரிசை. சிலது அஞ்சு டொலர்கூட வராது. "இதெல்லாம் என்னத்துக்கு? நாங்கள் கேட்டனாங்களோ?" இந்தக் கேள்வியை எத்தனையோ அப்பா அம்மாமாரிடம் நான் கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான்.

இதே கேள்வியைத்தான் 2019இல ஒன்ராறியோ அரசாங்கமும் கேட்டது. அந்த வருசம் ஜனவரி 17ஆம் திகதி இரண்டு அறிவிப்புகள் ஒன்றாக வந்தன. ஒன்று, படிப்புக் கட்டணம் 10 வீதம் குறைப்பு. மற்றது, அவசியமில்லாத கட்டணங்களை மாணவர்கள் விரும்பினால் கட்டாமல் விடலாம் என்பது. அந்தச் செப்டெம்பரிலிருந்து இணையத்தில கட்டணம் கட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில ஒரு பெட்டி. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

எது அவசியம், எது அவசியமில்லை என்று ஆர் தீர்மானிச்சது? அரசாங்கம். விளையாட்டு, உடல்நலம், மனநல ஆலோசனை, வேலைவாய்ப்புச் சேவை, வளாகப் பாதுகாப்பு எல்லாம் அவசியம். மாணவர் ஒன்றியம், பத்திரிகை, வானொலி, மாணவர் சார்பாகக் குரல் கொடுக்கிற அமைப்புகள் அவசியமில்லாதவை. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. கட்டணத்தைக் கூட்டாதே என்று அரசாங்கத்தின் வாசலில போய் நிக்கிற அமைப்பு அவசியமோ இல்லையோ என்பதை அதே அரசாங்கமே வகைப்படுத்துது. அடுத்த மாதம், பெப்ரவரியில, முதல்வர் டக் போர்ட்டின் பெயரில கட்சிக்கு நிதி கேட்டு ஒரு மின்னஞ்சல் ஆதரவாளர்களுக்குப் போனது. மாணவர் ஒன்றியங்கள் செய்யிறது மார்க்சியப் பைத்தியக்காரத்தனம், அதை நாங்கள் சரிப்படுத்திப் போட்டோம் என்பதுதான் அதின்ர சாரம். தெரிவுச் சுதந்திரம் என்று வெளியில சொன்னதுக்கும் இதுக்கும் இடைவெளி இருந்தது.

மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். ஒன்றியங்கள் எல்லாம் சுத்தத் தங்கம் இல்லை. அந்த அறிவிப்பு வந்த அதே காலத்திலதான் ரொறன்ரோவில ஒரு மாணவர் சங்கத்தில கடனட்டைச் செலவு பற்றிப் பெரிய குற்றச்சாட்டு வெளியில வந்தது. ஒன்றியத் தேர்தல்களில வாக்களிக்கிறவர்கள் மிகவும் குறைவு. தான் ஏற்றுக்கொள்ளாத ஒரு அரசியல் நிலைப்பாட்டுக்குத் தன் காசு போகுது என்று ஒரு மாணவிக்குக் கோபம் வந்தால், அந்தக் கோபத்தில பிழை இல்லை.

அப்ப, விரும்பினவர் கட்டட்டும் என்று விட்டால் என்ன?

சிக்கல் இங்கதான். உடற்பயிற்சிக்கூடத்துக்குக் காசு கட்டாதவரை வாசலில மறிக்கலாம். ஆனால் ஒன்றியம் போராடி ஒரு கட்டண உயர்வை நிப்பாட்டினால், காசு கட்டாதவருக்கும் அந்த உயர்வு வராது. எப்படியும் பலன் கிடைக்கும் என்றால் நான் ஏன் கட்டவேணும்? ஒவ்வொருவரும் தனித்தனியாக இப்படி யோசிச்சால், எல்லாருக்கும் பயன்படுகிற ஒன்று இல்லாமல் போய்விடும். ஊர்க் கிணற்றைத் துப்புரவாக்கச் சேர்க்கிற காசு மாதிரித்தான் இதுவும்.

இன்னொன்று, எங்களுக்கு எப்ப உதவி தேவைப்படும் என்று செப்டெம்பர் மாதத்தில தெரியாது. பரீட்சையில களவு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக்குப் போகும்போதுதான் பக்கத்தில இருந்து விதியை விளங்கப்படுத்த ஒரு ஆள் தேவை. வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்னும்போதுதான் சட்ட உதவி தேவை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் டவுன்டவுன் லீகல் சேர்விசஸ் போன்ற இடங்களுக்கு மாணவர் கட்டணத்திலிருந்தும் பணம் போகுது. எங்கட பிள்ளைகளின் தமிழ் மாணவர் சங்கங்களும், மற்றக் கழகங்களைப் போல, பொதுவாக மாணவர் ஒன்றியத்தின் ஆதரவிலதான் நடக்குது.

சரி, கதை என்னவாய் முடிஞ்சது? கனடிய மாணவர் கூட்டமைப்பின் ஒன்ராறியோக் கிளையும் யோர்க் மாணவர் கூட்டமைப்பும் வழக்குப் போட்டன. 2019 நவம்பர் 21ஆம் திகதி மூன்று நீதிபதிகள் ஒருமனதாக அந்தக் கொள்கையை ரத்துச் செய்தார்கள். முதல் தவணைகூட அப்ப முடியவில்லை. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 2021 ஓகஸ்ட் 4ஆம் திகதி அதிலயும் தோற்றது.

ஆனால் ஒன்றைக் கவனமாக விளங்கிக்கொள்ளுங்கோ. மாணவர் கட்டணம் கட்டாயமாக இருப்பதுதான் நல்லது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சட்டம் தந்த தன்னாட்சியை அமைச்சரவையின் வெறும் பணிப்புரையால தள்ளிவைக்க முடியாது, அதுக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்றுதான் சொன்னது. அப்ப, சட்டமன்றத்தில சட்டம் கொண்டுவந்தால்? அதுதான் 2025இல நடந்தது. மே மாதம் முன்வைக்கப்பட்டு நவம்பரில நிறைவேறிய 33ஆம் இலக்கச் சட்டமூலம், மாணவர் கட்டணங்களை ஒழுங்குவிதிகளால கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசாங்கத்துக்குத் தருது. பழைய பெட்டி திரும்பி வருவதற்கு ஒரு கதவு இப்ப சட்டப்படி திறந்திருக்கு.

பெட்டி வந்தால் என்ன நடக்கும் என்பதுக்கு அவுஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2005 டிசம்பரில அங்க சட்டம் நிறைவேறி, 2006 யூலையிலிருந்து கட்டாய மாணவர் ஒன்றியக் கட்டணம் நின்றது. பல வளாகங்களில சேவைகள் சுருங்கின. 2012இல வேறொரு பெயரில கட்டணம் திரும்பவும் வந்தது, உச்சவரம்பு 263 டொலர். ஆனால் இந்த முறை காசு போனது பல்கலைக்கழக நிர்வாகத்தின் கைக்கு. அதில குறைந்தது 40 வீதமாவது மாணவர் நடத்துகிற அமைப்புகளுக்குப் போகவேணும் என்ற விதி 2025இலதான் நடைமுறைக்கு வந்தது. மாணவருக்குக் கட்டணம் மிஞ்சினது. அதைச் செலவழிக்கிற உரிமையில ஒரு பங்கைத் திரும்ப எடுக்க 13 வருசம் போனது.

அதால நான் சொல்லுறது இதுதான். ஒன்றியம் பிடிக்கவில்லையா? தேர்தலில நில்லுங்கோ, இல்லாட்டி வாக்காவது போடுங்கோ. இந்தக் கட்டணங்களில பல, மாணவர்கள் தாங்களே பொதுவாக்கெடுப்பு வைத்துக் கொண்டுவந்தவை. அதே வழியால குறைக்கவும் நீக்கவும் முடியும். கணக்காய்வு அறிக்கையைக் கேளுங்கோ, அது உங்கட உரிமை. சில அமைப்புகள் கட்டணத்தைத் திருப்பித் தருகிற வழியும் வைத்திருக்கின்றன, கேட்டுப் பாருங்கோ.

அஞ்சு டொலர் பெரிய காசு இல்லை. ஆனால் அது வேணுமோ வேண்டாமோ என்று மாணவர்கள் கூடி முடிவெடுக்கிறதுக்கும், அவர்கள் கூடவே முடியாதபடி மேலயிருந்து ஒருவர் முடிவெடுக்கிறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. அடுத்த முறை சீட்டு வந்தால், பிள்ளையோட இருந்து அந்தக் கடைசி வரிகளையும் ஒருக்கா வாசியுங்கோ.