உவர்நீரும் மேற்கோள் எண்ணிக்கையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார்க்கும், இவ்வாண்டு என்னை அழைத்த குழுவினர்க்கும் என் நன்றி உரியது. எந்தப் பெரியாரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அவர் புகழ்மொழி கேட்கப் பொறுக்காதவர். நியாயமான விவாதம் ஒன்று நடக்குமானால் இரவு முழுவதும் இருந்து கேட்கக் கூடியவர். ஆதலின் சம்பிரதாய வார்த்தைகளை இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு விஷயத்திற்கு வருகிறேன்.

1

வழக்கு இன்னதென்பதை இம்மண்டபத்தில் இருப்போர் பலரும் அரைகுறையாகவேனும் அறிவர். தேநீர் வேளைகளிலும், பதவியுயர்வு விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்பட்ட கூட்டங்களிலும், ஒருமுறை கொழும்பு செல்லும் இராக்காலப் புகையிரதத்தில் விடியும் வரையிலும், நானும் என் சக ஆசிரியர்களும் இதனைப் பேசித் தீராமல் விட்டிருக்கிறோம். நிர்ப்பீடனவியல் ஆராய்ச்சியாளர் ஒருவரை மதிப்பிட வேண்டுமாயின், அவர் பிரசுரித்த கட்டுரைகளை எண்ணி, ஒவ்வொன்றையும் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கூட்டி, அவை வெளிவந்த சஞ்சிகைகளின் தாக்கக் காரணியையும் சேர்த்துப் பார்த்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. ஓர் ஆய்வு ஆய்வாளர்களுக்கிடையே எவ்வளவு பேசப்பட்டது என்பதை மட்டுமே அவ்வெண்கள் சொல்லும். எந்த நீரில் இறங்கி, எந்த மக்களின் பிணியை முன்னிட்டு அது செய்யப்பட்டது என்பதை அவை சொல்லமாட்டா என்பது என் கட்சி.

எண்களை நான் வெறுப்பவன் அல்லன். வாழ்நாள் முழுவதும் எண்ணியே பிழைத்தவன். ஆனால் எண்ணுகிற ஒவ்வொன்றுக்கும் அதன் பிறப்பு வரலாறு உண்டு. யூஜீன் கார்ஃபீல்ட் 1955இல் முன்மொழிந்து 1964இல் நூலுருவில் வெளியிடத் தொடங்கிய மேற்கோள் அட்டவணை, ஒரு கருத்து எங்கிருந்து எங்கே சென்றது என்று தேடுவோர்க்கு வழிகாட்டியாகவே பிறந்தது. ஒரு சஞ்சிகை முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் சராசரி எத்தனை மேற்கோள் பெற்றன என்று காட்டும் தாக்கக் காரணி, சஞ்சிகையைப் பற்றிய கணக்கேயொழிய அதில் எழுதிய மனிதரைப் பற்றிய கணக்கன்று. ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் 2005இல் தந்த எண்ணோ, 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 மேற்கோளேனும் பெற்றால் ஒருவருக்கு 20 என்று புள்ளியிடுகிறது. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, கரைசலில் உள்ள புரதத்தை அளக்கும் முறையைக் கூறும் லவ்ரி குழுவினரின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை; அதன் எண்ணிக்கை 3 இலட்சத்தைத் தாண்டியது; அது தம் சிறந்த பணியன்று என்பதை லவ்ரியே ஒப்புக்கொண்டார். இதற்கு மேல் இவ்வெண்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

2

எனக்கு நெடுங்காலமாக நெஞ்சுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகவே கூற அனுமதிக்க வேண்டுகிறேன். ஏனெனில் அது இம்மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்தது.

பேராசிரியர் ரஞ்சன் இராமசாமி மலேரியா ஒட்டுண்ணிக்கும் மனித உடலின் நிர்ப்பீடனத்திற்கும் இடையிலான போரை ஆராய்ந்தவர். கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பணியாற்றியவர். ஒட்டுண்ணி நம் உடலின் காவலை ஏய்க்கும் மூலக்கூற்று வழிகளைத் தொகுத்து 1998இல் அவர் எழுதிய கட்டுரையை என் நண்பர்களும் மதிப்பர். அது நிர்ப்பீடனவியல் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. அவர்கள் முகஞ்சுளித்தது, அவருடைய பெயர் தாங்கிய கட்டுரைகளின் வரிசையில், உவர்நீர்க் குட்டையிலிருந்து அள்ளிய நுளம்புக் குடம்பிகளைப் பற்றிய கட்டுரையொன்று இடம்பெற்றதைக் கண்டபோதுதான். பிறபொருளெதிரிகளை ஆராய்பவருக்குக் குட்டையில் என்ன வேலை என்று கேட்டார்கள்.

முதலில் குட்டையைச் சொல்கிறேன். 2004 திசெம்பர் 26ஆம் நாள் கல்லடியையும் நாவலடியையும் கடல் மூழ்கடித்துச் சென்றபின், கிணறுகளும் தாழ்நிலங்களும் உப்பேறிக் கிடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். ஆயினும் நம் பிரதேசத்து நீரின் சுபாவம் அந்த ஒரு நாளில் ஆனதன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியில், மாரி பிறந்து வட்டைகளின் வெள்ளம் வந்து சேரும்போது நீர் இனிக்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடி வெயில் காயும்போது உவர்க்கும். வயல் மூழ்கிப் போகிறதென்று முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு வடிய, கடல் வாவிக்குள் ஏறும். நன்னீர், உவர்நீர் என்பன பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்கள். இங்கு ஒரே நீரின் இரண்டு பருவங்கள்.

அந்தப் பாடப்புத்தகம் கூறியது யாது? அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் மலேரியா நுளம்பு நன்னீரில் மட்டுமே பெருகும் என்பதாம். அவ்வாறு நம்பியதற்கு வலுவான காரணம் இருந்தது. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்து, தெதுறு ஓயா, மா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் குன்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியபோது அந்நுளம்பு அக்குட்டைகளிற் பல்கியதாலேதான் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட கொள்ளை மலேரியா இத்தீவில் மூண்டது. அவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடத்தை எவரும் எளிதில் ஐயுறமாட்டார்.

ஐயுற்றவர்கள் செய்த காரியம் மிக எளியது. மட்டக்களப்பு நகரை அண்டிய உவர்நீர்த் தேக்கமொன்றிற்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சென்று, கோடையும் மாரியுமாக ஆறு மாதம், அகப்பையால் நீரை அள்ளிக் குடம்பிகளைச் சேகரித்தார்கள். ஒவ்வொரு முறையும் நீரின் உப்பும், கரைந்துள்ள ஒட்சிசனும், அமில காரத் தன்மையும் அளக்கப்பட்டன. கிடைத்த அனோபிலிஸ் குடம்பிகள் 935. அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்து, வெளிவந்த நுளம்புகளை இனங்கண்டபோது 661 குலிசிபேசிஸ் ஆகவும், 58 மட்டுமே உவர்நீருக்குப் பேர்போன சப்பிக்டஸ் ஆகவும் இருந்தன. உவர்நீர் வாசியென்று எல்லோரும் அறிந்தது சிறுபான்மை. நன்னீர் வாசியென்று சத்தியம் செய்யப்பட்டதே பெரும்பான்மை. அந்நீரின் உப்பு ஆயிரத்தில் 4 பங்கு வரை ஏறியது. கடலில் அது ஏறத்தாழ 35 பங்கு.

இவ்விடத்தில் நிறுத்தியிருந்தால் அது நல்ல களக்குறிப்பாக முடிந்திருக்கும். ஆனால் குலிசிபேசிஸ் என்பது ஒரே இனமன்று. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் சகோதர இனங்களின் கூட்டம். இலங்கையில் அவற்றுள் பி, ஈ என்னும் இரண்டு உண்டு; மலேரியாவைப் பரப்புவதில் முதன்மையானது ஈ. அதனை முதலில் வேறு பிரித்தறிந்தது நம் தீவுக்கு எதிர்க்கரையான இராமேசுவரத்தில், 1999இல் வெளியான இந்திய ஆய்வொன்றில். இறகையோ காலையோ பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. ஆண் குடம்பியின் உயிரணுவைப் பிளந்து, அதன் வை நிறமூர்த்தத்தின் வடிவத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்க வேண்டும். மட்டக்களப்புக் குடம்பிகளை அவ்வாறு நோக்கியபோது தெரிந்தது ஈ. ஆக, பிணி பரப்பும் அந்த இனமே உப்பு நீரில் முட்டையிட்டு வளர்கிறது என்பது நிரூபணமாயிற்று. ஜூட், தர்ஷினி, கிழக்குப் பல்கலைக்கழகத்து வினோபாபா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சுரேந்திரன், இராமசாமி ஆகியோர் பெயரில் இது 2010இல் மலேரியா பற்றிய சர்வதேசச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது.

அடுத்த ஆண்டே அதே ஐவர் இன்னொன்று வெளியிட்டார்கள். டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும் என்று நாம் படித்தோம், படிப்பித்தோம், நான் என் கையாலேயே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கரையோரப் புறநகர்களில் வீசியெறியப்பட்ட பிளாத்திக்கு, கண்ணாடிக் கலங்களிலும், கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்களிலும், பாவனையற்ற கிணறுகளிலும், ஆயிரத்தில் 2 முதல் 15 பங்கு வரை உப்புள்ள நீரில் ஈடிஸ் எஜிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய இரண்டின் குடம்பிகளையும் அவர்கள் கண்டார்கள். யாழ்ப்பாண நகரில், எஜிப்தி வாழும் உவர்நீர் நிலைகளின் சுற்றுப்புறத்தில் டெங்கு ஒப்பளவில் மிகுந்திருந்ததையும் காட்டினார்கள். கல்லடிக் கரையில் கவிழ்ந்து கிடக்கும் பழைய தோணியொன்றை அதன்பின் நான் பழைய கண்ணால் பார்த்ததில்லை.

இனி, நிர்ப்பீடனவியலாளருக்குக் குட்டையில் என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். நம் இரத்தத்தை நுளம்பு உறிஞ்சும்போது இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளும் அதன் வயிற்றுக்குள் செல்கின்றன. அங்கும் அவை வேலை செய்கின்றன. வைவாக்ஸ் மலேரியா கண்ட மனிதரின் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகள் நுளம்பின் வயிற்றிலேயே ஒட்டுண்ணியை மறிக்கக் கூடும் என்பதைக் கமினி மெண்டிசும் ரிச்சட் காட்டரும் தம் குழுவினரோடு 1987இல் காட்டினர். நுளம்புக்கே எதிரான பிறபொருளெதிரிகளை இரத்தத்தோடு ஊட்டினால் ஈடிஸ் எஜிப்தியின் இனப்பெருக்கம் குன்றுகிறது என்று 1988இலும், வைரசை ஏற்கும் இயல்பு குறைகிறது என்று 1990இலும் காட்டியவர்களுள் இராமசாமியும் ஒருவர். நுளம்பின் குடலுக்குள் இவ்வாறு புகுந்த நிர்ப்பீடனவியல், அந்நுளம்பு பிறக்கும் நீருக்குள் இறங்குவது வழிதவறுதல் ஆகுமா? டெங்குவின் வகை நான்கு. ஒன்றால் பெற்ற பிறபொருளெதிரி, மற்றொன்று வரும்போது பிணியைக் கடுமையாக்கவும் கூடும் என்று ஹால்ஸ்டெட் எடுத்துக்காட்டிய உண்மையினாலேயே தடுப்பூசியாக்கம் அத்தனை காலம் இடறியது. ஊசி தாமதிக்கும்போது குடம்பியை அறிந்தவனே காவலன். 2017இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானதை நினைவிற்கொண்டு என் நண்பர்கள் இதற்கு விடை கூறுவார்களாக.

அவர்கள் விடை எனக்குத் தெரியும். அக்கட்டுரைகள் சர்வதேசச் சஞ்சிகைகளில்தானே வந்தன, மேற்கோளும் பெற்றனவே, எங்கள் துலாக்கோல் அவற்றையும் நிறுத்ததே என்பார்கள். நிறுத்தது உண்மை. பிரசுரமான பின் நிறுத்தது. அகப்பையோடு முதன்முதல் புறப்பட்ட நாளில் அத்துலாக்கோல் என்ன ஆலோசனை கூறியிருக்கும்? நிர்ப்பீடனவியலின் பரந்த துறையில் ஒரு மூலக்கூற்றுக் கட்டுரைக்கு மேற்கோள் காட்டக் காத்திருப்போர் பல்லாயிரவர். ஒரு வாவிக்கரைத் தேக்கத்தைப் பற்றி எழுதினால் படிப்போர் சிலர். புள்ளியை நினைப்பவன் குட்டைக்குப் போகமாட்டான். போகாதவனுக்கு 935 கிடைக்காது.

3

சஞ்சிகையின் புகழ் ஆய்வின் தகுதியை அளக்காது என்பதற்கு வெளியுலகத்திலிருந்து இரண்டு சாட்சிகள் போதும். நிர்ப்பீடனவியலின் அடித்தளமாகிய குலத்தெரிவுக் கொள்கையை மக்ஃபர்லேன் பர்னெட் 1957இல் வெளியிட்டது, தம் நாட்டிற்கு வெளியே அதிகம் படிக்கப்படாத ஆஸ்திரேலியச் சஞ்சிகையொன்றில், மூன்றே பக்கம். கோழியின் எச்சவாயருகே உள்ள பப்ரிசியசுப் பையை அகற்றினால் பிறபொருளெதிரி உண்டாவதில்லை என்ற புரூஸ் கிளிக் குழுவினரின் கண்டுபிடிப்பைப் புகழ்பெற்ற சஞ்சிகை திருப்பியனுப்ப, அது 1956இல் கோழி வளர்ப்பு விஞ்ஞானச் சஞ்சிகையில் வந்தது. பி நிணநீர்க்கலம் என்று இன்று நாம் மாணவருக்குக் கற்பிக்கும் பெயரின் முதலெழுத்து அந்தப் பையிலிருந்து வந்ததே.

4

ஒரு தவற்றை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்குமுன், இளம் விரிவுரையாளர் ஒருவர் தம் ஊர்க் கிணறுகளின் உப்பையும் நுளம்பையும் பற்றித் தமிழில் எழுதிய குறிப்பொன்றை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தார். தெரிவுக் குழுவில் நான் இருந்தேன். அதற்குப் புள்ளியில்லை என்றார்கள். நேரம் பிந்திவிட்டதென்று நான் பேசாதிருந்தேன். அவர் பின்னர் அத்துறையை விட்டுவிட்டார். இன்று நான் இவ்வளவு உரக்கப் பேசுவதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

5

நேரம் குறைவாதலின் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கக் கூறுகிறேன். மலேரியா அற்ற நாடென்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம்மை அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே நகர்ப்புறக் கிணறுகளிற் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் மலேரியா நுளம்பு மன்னாரில் காணப்பட்டது. அது பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. நம் கிணறுகளை யாரேனும் தொடர்ந்து பார்க்க வேண்டும். உவர்நீருக்குப் பழகிய எஜிப்திக் குடம்பியின் புறத்தோலில் மாற்றமுண்டு என்று யாழ்ப்பாணத்து ஆய்வுகள் கூறுகின்றன. வாவிக்கரைக் குடம்பிகளில் அதனை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதுமான பொருள். முகத்துவாரம் வெட்டப்படும் தேதிகளையும், அதற்கு முன்னும் பின்னும் கரையோரத் தேக்கங்களின் உப்பையும், வைத்தியசாலைக்கு வரும் டெங்கு நோயாளர் தொகையையும் ஒரே பதிவேட்டில் எழுதி வைக்கலாம். பதவியுயர்வுப் படிவத்தில் தமிழில் எழுதிய களக்குறிப்புக்கு ஒரு நிரல் வேண்டும். அதன் வாசகத்தை எழுதித் தருகிறேன். உப்பை அளக்கும் கையடக்கக் கருவி வாவியோரப் பாடசாலைக்கு ஒன்று வீதம் இருந்தால் உயர்தர மாணவரே கிழமைதோறும் அளந்துவிடுவர். அறக்கட்டளைக் குழுவினர் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவாளருக்கு வைத்திருக்கும் சன்மானத்தோடு எனக்குரியதையும் சேர்த்தால் இரண்டு மூன்று கருவிகளேனும் வாங்கலாம். மாரி தொடங்குமுன் வாங்கினால் இவ்வாண்டு முகத்துவாரம் வெட்டும்போதே அளக்கலாம்.