தீட்டு ஆளைப் பார்க்கும், கிருமி பார்க்காது
(பெருந்துறைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருந்துறைக்காரர்களுக்குச் சானடோரியம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. காசநோயைப் பார்த்த ஊர் இது. அந்தக் காசநோய்க் கிருமிக்கு ஒரு சொந்தக்காரக் கிருமி உண்டு. பெயர் மைக்கோபாக்டீரியம் கைமீரா. தண்ணீரிலும் மண்ணிலும் வாழும். பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்யாது.

இதய அறுவை சிகிச்சையில் ரத்தத்தின் வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் தண்ணீர்த் தொட்டியுள்ள ஓர் எந்திரம் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் நோயாளியைத் தொடுவதில்லை. ஆனால் தொட்டியில் இந்தக் கிருமி வளர்ந்திருந்தால், எந்திரத்தின் விசிறிக் காற்றில் நுண்திவலையாகக் கிளம்பி, திறந்திருக்கும் நெஞ்சில் இறங்கிவிடும். சுவிட்சர்லாந்தின் சூரிச் மருத்துவர்கள் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தார்கள். 2016 அக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரித்தது. நோய் வெளிப்பட மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும். காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு என்று வருபவரை நம் ஊரில் முதலில் காசநோயாளி என்றுதான் நினைப்பார்கள். நெஞ்சைத் திறந்த கதையை யார் கேட்பார்கள்?

இது வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்க முடியாது. வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 10 பேரை 2022-23இல் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் பிடித்தது. 8 பேர் இறந்தார்கள். சலைன் பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, சரியாக மூடாமல், மறுபடி மறுபடி பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

தூய்மை, தீட்டு என்று நம் சமூகம் பேசாத நாளில்லை. கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்கள், குவளை கழுவும் தண்ணீர் சுத்தமா என்று கேட்டார்களா? அவர்கள் பார்த்தது குடிப்பவரின் சாதியை. தீட்டு ஆளைப் பார்க்கும், கிருமி பார்க்காது.

சுத்தம் செய்வதை இழிவாக்கி, அதைச் சில சாதிகளின் தலையில் கட்டிய நாடு இது. அதனால்தான் மருத்துவமனையிலும் கத்தி பிடிப்பது மருத்துவம், கழுவுவது கூலி வேலை. தொட்டியைக் கழுவுவதும் கருவியைக் கிருமி நீக்குவதும் உயிர் காக்கும் மருத்துவமே. அதைச் செய்பவருக்கு ஒப்பந்தக் கூலி போதாது. நிரந்தர வேலை வேண்டும், பயிற்சி வேண்டும். “இது சுத்தமாகவில்லை, நிறுத்துங்கள்” என்று சர்ஜனிடம் சொல்லும் உரிமை வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்த தேதியைக் கேட்கும் உரிமை நோயாளிக்கும் வேண்டும்.

சாதி ஒழிப்பு ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் நடக்க வேண்டிய வேலை.

ஜெய்பீம்.