நம் மக்களை நாமே வரைவோம்

 

நம் மாணவர்கள் தாமே ஓர் அசைவூட்டப் படம் உருவாக்க முனைந்துள்ளனர். அதற்குரிய பாத்திரங்களைப் படைப்பது எங்ஙனம் என்பதே எனக்கு அளிக்கப்பட்ட பொருள். இதனை விளையாட்டென்று சிலர் எண்ணக்கூடும். அன்று. கறுத்த மேனியை அடியாளுக்கும், சிவந்த மேனியைத் தலைவனுக்கும் தந்த திரைப்படங்கள் பல. அவற்றைக் கண்டு வளரும் குழந்தை, கதைத்தலைவியை வரையச் சொன்னால் தன் தாயைப் போல் வரையத் தயங்குகிறது. அத்தயக்கத்தைப் போக்குவதும் கல்வியின் கடமையே.

இதற்கு நல்லதோர் முன்மாதிரி உண்டு. அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைச் சித்திரங்களால் கூறும் 'பீமாயணம்' 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. வரைந்தோர் பர்தான் கோண்டு மரபினரான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோர். அவர்கள் அயல்நாட்டுப் படக்கதைகளைப் போலக் கட்டங்களுக்குள் கதையை அடைக்கவில்லை. அன்பான சொற்களைப் பறவை வடிவில் அமைத்தனர். நஞ்சான சொற்களுக்குத் தேளின் கொடுக்கை வைத்தனர். பள்ளியில் சிறுவன் பீமனுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்ட கொடுமையை, விளக்கவுரையின்றிக் கண்ணே உணர்ந்துகொள்கிறது. தம் மண்ணின் கலையைக் கொண்டே அவர்கள் இதனைச் சாதித்தனர்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பாத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைகடந்து ஏலத்தோட்டம் செல்லும் தாய் ஒருத்தி. பந்தலின் கீழ் நின்று பன்னீர்த் திராட்சைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவன். 1895 முதல் மலையைக் குடைந்த வழியே வரும் பெரியாற்று நீரையும் பேச வையுங்கள். "எல்லா வயலுக்கும் நான் ஒருத்தியே, தேநீர்க்கடையில் மட்டும் எனக்கு இரண்டு குவளை ஏன்?" என்று அது வினவட்டும்.

முறையினைக் கூறுகிறேன். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் முதலில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுங்கள். எதனை விரும்புகிறாள்? எதற்கு அஞ்சுகிறாள்? அஞ்சும்போது அவள் உடல் என்ன செய்கிறது? அடுத்து, உருவம் முழுவதையும் மையால் நிரப்பிப் பாருங்கள். அப்போதும் இன்னாரென்று தெரிய வேண்டும். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் அம்மையார் 1926இல் கருநிழல் உருவங்களைக் கொண்டே முழுநீளப் படம் எடுத்தார்.

பின்னர், முன்புறம், பக்கம், பின்புறம் என மூன்று தோற்றங்களையும் ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பல கைகள் வரைந்தாலும் முகம் மாறாதிருக்க அதுவே வழி. நொடிக்கு 12 படங்கள் எனக் கொண்டால், இரண்டு நிமிடப் படத்திற்கு 1,440 படங்கள் வேண்டும். இருபது மாணவர் பகிர்ந்தால் ஒருவருக்கு 72. ஆதலின் கோடுகள் குறைவாக இருக்கட்டும். கட்டம்போட்ட சேலை வேண்டா!

இறுதியாக இரண்டு சொற்கள். நம் மக்களை அழுகின்றவர்களாக மட்டும் வரையாதீர்கள். அவர்கள் நகைப்பவர்கள், சினப்பவர்கள், கனவு காண்பவர்கள். அதுபோன்றே, கொடுமை செய்வோனுக்குக் கோரைப்பல் வைக்காதீர்கள். சாதி, புன்னகைக்கும் சாதாரண மனிதரின் கைகளிலும் வாழ்கிறது. அதனைக் காட்டுவதே உண்மை.

பிறர் படைத்த புகழ்பெற்ற உருவங்கள் இரவல் சட்டை போன்றவை. நமக்கு அளவெடுத்துத் தைத்தவை அல்ல. நம் முகத்தை நாம் வரைவோம்.