விடுப்பும் படியும்: விதியும் அதைச் செலுத்தும் கையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழக விழாவில் பட்டாளத்து விடுப்பையும் படியையும் பற்றிப் பேச வேண்டுமா எனச் சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே எம் கருத்து. நம் மக்களுக்கு ஊர் மறுத்த எழுத்தையும் காசையும் சீருடையையும் முதன்முதலில் வழங்கிய இடங்களுள் பட்டாளமும் ஒன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி படையில் சுபேதார்; அண்ணல் 1891இல் பிறந்ததே மாவ் எனும் படைநகரில்தான். நம் தமிழ்நாட்டிலும் சென்னைச் சாப்பர்ஸ் படையில் ஆதிதிராவிட மக்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பணியாற்றினர். நாம் கூடியிருக்கும் இந்த வாலாஜாபாத்தும் கம்பெனியார் காலத்தில் படைகள் தங்கிய ஊரே.

'படி' என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரிசி அளக்கும் முகத்தலளவைக்கும் படி என்று பெயர். சம்பளத்திற்கு மேல் பெறும் தொகைக்கும் படி என்று பெயர். வயிற்றை நிரப்புவது எதுவோ அதுவே படி. கம்பெனிப் படைகளில் இதனைப் 'பட்டா' என்றனர். இன்று லாரி ஓட்டுநர்கள் கேட்கும் 'பேட்டா'வும் அச்சொல்லின் வழி வந்ததே.

அந்தப் பட்டாவால் விளைந்த துயரம் ஒன்றைக் கேளுங்கள். 1844ஆம் ஆண்டு, சென்னைப் படையின் 47ஆம் காலாட்படைப் பிரிவு சிந்து நாட்டுக் காவலுக்கு அனுப்பப்பட்டது. பர்மாவில் வழங்கியது போன்ற உயர்ந்த படி கிடைக்கும் எனச் சென்னை ஆளுநர் ட்வீடேல் வாக்களித்திருந்தார். அதனை நம்பிய சிப்பாய்கள், ஊதியத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்திற்கே சேருமாறு எழுதிக் கொடுத்துக் கப்பலேறினர். பம்பாய் சேர்ந்த பின்னரே, மேலிட விதிப்படி அந்தப் படி செல்லாது என்று அறிந்தனர். கையில் மிஞ்சியது உண்ணப் போதவில்லை. அணிவகுப்புத் திடலில் கீழ்ப்படிய மறுத்தனர். அது கலகம் எனப்பட்டது. வாக்கை மீறியவர் ஒருவர், தண்டனைக்கு ஆளானவர் மற்றொருவர்! விதியின் துணையில்லாத வாக்குறுதி ஏழையின் அடுப்பை எரிக்காது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

இன்றைய நிலைக்கு வருவோம். இராணுவத்தில் ஜவானுக்கு ஆண்டொன்றுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் விதியில் உண்டு. ஆயினும் விடுப்பு உரிமையன்று; பணித் தேவைக்கு உட்பட்டே வழங்கப்படும். எல்லையில் பகைவன் நிற்கும் நேரத்தில் இதனைக் குறை கூறுவார் எவருமிலர். ஆனால் தட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விடுப்பின்றி அகன்றாலும், தக்க காரணமின்றி விடுப்பு முடிந்தும் திரும்பாமலிருந்தாலும், 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமளிக்கிறது. வராத நாள்களின் ஊதியத்தையும் பிடிக்கலாம். 30 நாள் கடந்தால் விசாரணை மன்றம் கூடும். பெறுபவன் பிழைத்தால் இத்தனை ஏற்பாடு. கொடுப்பவர் காரணமின்றி மறுத்தால் என்ன ஏற்பாடு?

இங்கேதான் நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி உள்ளது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் அமைந்தது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. ஊதியம், படி, ஓய்வூதியம் பற்றிய குறைகளை அங்கே கொண்டு செல்லலாம். ஆனால் அச்சட்டம் பணிசார்ந்த விவகாரங்களுக்கு இலக்கணம் கூறுமிடத்தில், எவ்வகை விடுப்பும் அதில் அடங்காது என விலக்கிவிட்டது. படிக்கு வழக்கு உண்டு, விடுப்புக்கு இல்லை. எஞ்சுவது இராணுவச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி மேலதிகாரிக்கு எழுதும் முறையீடே. ஜவானுக்குச் சங்கமும் இல்லை. அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதவும் இயலாது.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் பணிபுரியும் தம்பியையும், எல்லையில் நிற்கும் அவன் அண்ணனையும் ஒப்பிடுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என வகுத்தது. நாள் குறைவு, ஆயினும் கேட்பதற்குச் சங்கமும் ஆய்வாளரும் மன்றமும் உண்டு. அண்ணனுக்கோ ஏட்டில் நாள் மிகுதி; கேட்கும் வாயில் குறைவு.

படையினுள்ளும் சமன்மை முழுமையாக இல்லை. 2022இல் வந்த அக்னிபத் திட்டம் அக்னிவீரனுக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பையே வகுத்தது. அகவிலைப்படியும் ஓய்வூதியமும் அதில் இல்லை. ஒரே பதுங்கு குழியில் நிற்கும் இருவரில் ஒருவனுக்குத் தொண்ணூறு, மற்றவனுக்கு முப்பது! 2017இல் சியாச்சின் படி உயர்த்தப்பட்டபோது, ஜவானுக்கு மாதம் 30,000 ரூபாய், அதிகாரிக்கு 42,500 ரூபாய் என வகுத்தனர். பொறுப்புக்கேற்ப ஊதியம் வேறுபடலாம். குளிர் பதவி பார்த்தா கடிக்கிறது?

விடுப்பு நம் குடும்பங்களுக்கு ஓய்வு மட்டுமன்று. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அரசுக்கு எழுதியதையும், அதன்பின் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். அந்நிலங்களுள் பல கைமாறிப் போயின. நில அளவைக்கும் வழக்குத் தவணைக்கும் வீட்டின் படித்த பிள்ளை வந்து நிற்க வேண்டியிருக்கிறது. எடுக்காத ஆண்டு விடுப்பில் 300 நாள் வரை சேர்த்து ஓய்வின்போது காசாக்கலாம். தாயின் இறுதிக் கடனுக்குத் தவறிய நாளை எந்தக் காசு மீட்கும்?

ஆகவே நாம் கோருவன மூன்று. விடுப்பு மறுக்கப்படின் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். யார் எத்தனை நாள் பெற்றார் என்ற பதிவு, பிரிவினர் அனைவரும் காணத் திறந்திருக்க வேண்டும். குடும்பத்தில் மரணம், கடும் நோய் எனில் முறையீட்டுக்குக் காலவரையறை வேண்டும். இவற்றால் நாட்டின் காவல் குன்றாது. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறையும். விருப்பு வெறுப்பு ஆளும் இடத்தில் கடைசி வரிசையில் நிற்பவன் யார் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டுவனவும் உள. வாய்மொழியாகக் கேளாதீர்கள், எழுதிக் கேளுங்கள், படி எடுத்து வையுங்கள். திரும்ப இயலாத நிலை வந்தால், விடுப்பு முடியுமுன்பே நீட்டிப்புக் கோருங்கள், ஒளிந்து நில்லாதீர்கள். மாதந்தோறும் ஊதியச் சீட்டை வரிவரியாகப் படியுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியிலுள்ளோர் குடும்பத்திற்கும் துணை நிற்கும் என்பதை வீட்டுப் பெண்கள் அறிந்திருக்கட்டும். போர்முனை போன்ற சிறப்பு நிலையில் பணிபுரிபவன் நேரில் வர இயலாதபோது, அவன்மீதுள்ள உரிமையியல் வழக்கை நிறுத்தி வைக்க 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் வழி செய்கிறது. நிலத்தை இழக்குமுன் அதனைப் பயன்படுத்துங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பித்தது. இனி அவ்வெழுத்தால் விதியைப் படிக்கவும், முறையீடு எழுதவும் கற்பிக்கட்டும். வாரம் ஒரு மாலை, படைவீரர் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் பணியை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குமாறு வேண்டுகிறோம்.