பலகையைப் பார்க்காதே, வாசலைப் பார்!
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பொறியியல் கல்லூரி மேடையில் நர்ஸ் படிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். 'இவனுக்கு என்ன ஆச்சு?' என்று பின்வரிசை முணுமுணுப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது.

என் மனைவி அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நர்ஸ் பிராக்டிஷனர் ஆக ஆசைப்பட்டாள். நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதித் தரும் தகுதி அது. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கி வைத்த வழி.

அதில் பல பிரிவுகள். எதில் படிக்கிறோமோ அதில்தான் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம். நான் இஞ்சினியர் அல்லவா? கட்டம் போட்டு ஒப்பிட்டேன். "அவசரப் பிரிவுக்கு 'பெரியோர்-முதியோர் தீவிர சிகிச்சை'தான் பொருத்தம். 'குடும்ப நலம்' என்றால் வெறும் சளி, காய்ச்சல்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். பணம் கட்டுவதுதான் பாக்கி.

அவளுடன் வேலை பார்க்கும் கேரளத்துச் சேச்சி ஒருவர் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு வயசுக் குழந்தை மூச்சு முட்டி வந்தா, நீ என்ன செய்வே?"

செய்ய முடியாது! அந்தச் சான்றிதழில் சிறு குழந்தைகளுக்கு இடமில்லை. அவசரப் பிரிவின் வாசலோ எல்லா வயதினருக்கும் திறந்திருக்கிறது. எல்லா வயதினரையும் பார்க்கலாம் என்பது குடும்ப நலச் சான்றிதழில்தான். தீவிர சிகிச்சை வார்டில் பெரியவர்களை மட்டும் கவனிப்பவருக்கு என் தீர்ப்பு சரியாக இருந்திருக்கும். இவளுக்கோ இரண்டு மூன்று வருஷப் படிப்பும் கடனும் வீணாகியிருக்கும்.

குடும்ப நலத்திலும் குறை உண்டு. தையல் போடுவது, சுவாசக்குழாய் பொருத்துவது போன்றவற்றில் அங்கே போதிய பயிற்சி கிடைக்காது. அதற்காகவே 2017-ல் அவசர சிகிச்சைக்கென்று தனிச் சான்றிதழ்த் தேர்வு வந்தது. முதலில் குடும்ப நலச் சான்றிதழ் வேண்டும். அதன்பின், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் பெற்ற 2,000 மணி நேர அவசரப் பிரிவு அனுபவமும் தொடர் பயிற்சியும் காட்டித் தேர்வு எழுதலாம். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மருத்துவமனைக்கு மருத்துவமனை எதிர்பார்ப்பும் மாறும். அதையும் முன்பே விசாரிக்க வேண்டும்.

அவள் குடும்ப நலத்தில் சேர்ந்தாள். என் கட்டம் குப்பைக்குப் போயிற்று.

தம்பி, தங்கைகளே! நாளை நீங்களும் மேற்படிப்புத் தேடுவீர்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். வாசலில் யார் வந்து நிற்பார்கள், அவர்களுக்கு உதவ இந்தச் சான்றிதழ் அனுமதி தருமா என்று கேளுங்கள். கேட்க வேண்டியது என்னைப் போன்ற ஆளை அல்ல; அந்த வேலையைத் தினமும் செய்கிற ஒரு சேச்சியை!