குகையில் இருந்தது யார்?

(மோதி பாக் மாலை வகுப்பில் பேசியது)

வேலை முடித்துக் களைப்பாக வந்திருக்கிறீர்கள். அதனால் இன்று நோட்டை மூடி வையுங்கள். ஒரு குகையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

போன வாரம் பாடத்தில் ஒரு வரி வந்தது. 'ஆதி மனிதன் குகையில் வாழ்ந்தான்.' எழுத்துக் கூட்டிப் படித்தோம். உடனே நம் ஊத்துக்கோட்டை அக்கா, "எங்க ஊர்ப் பக்கமும் ஒரு குகை இருக்குது. குடியம் குகை. எங்கிருந்தெல்லாமோ வந்து பார்ப்பாங்க" என்றார். அதைக் கேட்டுத் தாத்தா, "அப்படின்னா உலகத்துல முதல் மனுசன் நம்ம தமிழன்தான்" என்றார். எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்குப் போன பிறகு மனசு உறுத்தியது. தெரியாத விஷயத்துக்கு நான் ஏன் கை தட்டினேன்? நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் இங்கே நீங்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறீர்கள். அதனால் தேடிப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

குடியம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். பூண்டி ஏரி தெரியுமல்லவா? சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி. அதைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு முறை ஊருக்குப் போனபோது சித்தப்பாவோடு நான் போயிருக்கிறேன். கிராமத்திலிருந்து முள்ளுக்காட்டு வழியில் நடக்க வேண்டும். கொண்டு போன தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

குகை என்றால் இருட்டுப் பொந்து என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை. ஒரு பெரிய பாறை முன்பக்கம் குனிந்து நிற்கிறது. அதன் அடியில் அகலமான நிழல். ஒரு கல்யாணப் பந்தியே போடலாம். மேலே தேன்கூடுகள் தொங்கும். சத்தம் போடக் கூடாது என்று சித்தப்பா வாயில் விரல் வைத்தார். பாறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் பதிந்திருந்தன. கடலை மிட்டாயில் கடலை பதிந்திருக்குமே, அதே மாதிரி. இந்தக் கூழாங்கற்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டிப் பார்த்தது. கற்கருவிகள் கிடைத்தன. ஆனால் கொஞ்சம்தான். ஒரு வீட்டில் நாலு தலைமுறை வாழ்ந்தால் கொல்லையில் எவ்வளவு உடைந்த சட்டி கிடக்கும்? அந்த மாதிரிக் குவியல் குகைக்குள் இல்லை. மழைக்கு ஒதுங்கியிருக்கலாம். ஓர் இரவு தங்கியிருக்கலாம். குடும்பம் குடும்பமாக நெடுங்காலம் வாழ்ந்ததற்கு அடையாளம் போதவில்லை.

அப்படியானால் எங்கே வாழ்ந்தார்கள்? அதே வட்டாரத்தில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஓடை கொசஸ்தலை ஆற்றில் போய்ச் சேருகிறது. அந்த ஓடைக் கரையில்தான் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. குகையில் இல்லை, வெட்டவெளியில். தண்ணீர் இருந்தது. தண்ணீர் குடிக்க மிருகங்கள் வந்தன. கருவி செய்ய மலையிலிருந்து உருண்டு வந்த கூழாங்கல் இருந்தது. நமது பாடத்தில் வந்த அந்த ஒரு வரி இந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அச்சில் இருப்பதெல்லாம் முழு உண்மை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை முதலில் கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர். பாறைகளை ஆராயும் அரசாங்கத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30ஆம் தேதி, பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லை எடுத்தார். அது தானாக உடைந்த கல் அல்ல. யாரோ செதுக்கிய கைக்கோடாரி என்று கண்டுகொண்டார். அதே வருடம் செப்டம்பரில் அத்திரம்பாக்கம் போனார். அங்கே இன்னும் நிறைய இருந்தன. அவர் சேர்த்த கற்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் அந்தக் கற்களுக்கு எவ்வளவு வயது? நூறு வருடத்துக்கு மேல் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

சாந்தி பப்பு என்ற ஆய்வாளரும் குமார் அகிலேஷ் என்ற ஆய்வாளரும் 1999 முதல் பல வருடங்கள் அத்திரம்பாக்கத்தில் தோண்டினார்கள். 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அடி மண்ணில் கிடைத்த கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது. குறைத்துச் சொன்னாலும் 10 லட்சத்துக்கு மேல்.

15 லட்சம் ஆண்டு என்றால் எவ்வளவு? ஒரு தலைமுறைக்கு 25 வருடம் வைத்தால் 60,000 தலைமுறை. நம் நோட்டில் வரிக்கு ஒரு பாட்டி பெயர் எழுதுங்கள். பக்கத்துக்கு 30 வரி. 2,000 பக்கம் வரும். நமக்குப் பெயர் தெரிந்த பாட்டிகள் மூன்று, நான்கு வரிதான்.

"கல்லுக்கு எப்படிம்மா வயசு பார்ப்பாங்க?" என்று சேலத்து அக்கா கேட்டார். நல்ல கேள்வி. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் எப்போதும் விழுகின்றன. அவை பட்டால் கல்லுக்குள் இரண்டு பொருள்கள் மிக மிகக் கொஞ்சமாக உண்டாகும். ஒன்று ஒரு வகை அலுமினியம். மற்றது ஒரு வகை பெரிலியம். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் படாது. புதிதாக எதுவும் உண்டாகாது. இருந்தது மட்டும் குறைந்துகொண்டே வரும். இரண்டு ஓட்டைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஓட்டை பெரிது, ஒன்றில் சிறிது. மீதித் தண்ணீரைப் பார்த்து, எப்போது குழாயை மூடினார்கள் என்று கணக்குப் போடலாம் அல்லவா? அதே கணக்குத்தான்.

சண்டை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அத்திரம்பாக்கத்தில் மேல் மண்ணில் வேறு மாதிரிக் கருவிகள் இருந்தன. பெரிய கைக்கோடாரி குறைந்துவிட்டது. கல்லை முதலில் செதுக்கித் தயார் செய்து, பிறகு ஓர் அடியில் வேண்டிய அளவுக்குச் சில்லு எடுத்திருக்கிறார்கள். இதற்கு யோசனை வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். இந்த வேலை அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் அதே குழுவினர் எழுதினார்கள்.

இந்த வேலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இன மனிதர்கள், அவர்கள் வந்து ஒன்றேகால் லட்சம் ஆண்டுதான் இருக்கும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் அதற்கும் முன்னால் செய்தது யார்? இங்கேயே இருந்த பழைய மனித இனம் தானாகக் கற்றுக்கொண்டதா? வெளியிலிருந்து முன்பே வேறு யாராவது வந்தார்களா? ஆளைக் காட்ட எலும்பு வேண்டும். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலுமே அவ்வளவு பழைய மனித எலும்பு மிக அரிது. 1982இல் மத்தியப் பிரதேசத்தில், நர்மதை ஆற்றங்கரையில் ஹத்னோரா என்ற இடத்தில் ஒரு மண்டை ஓட்டின் பகுதி கிடைத்தது. அது எந்த இனம் என்பதிலும் ஒத்த கருத்து இல்லை.

தாத்தா, கோபப்படாமல் கேளுங்கள். 15 லட்சம் ஆண்டுக்கு முன் அங்கே இருந்தவர் தமிழர் இல்லை. நம்மைப் போன்ற மனிதரே அப்போது உலகில் எங்கும் இல்லை. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுதான் வயது. அவை கிடைத்தது ஆப்பிரிக்காவில். நமக்குக் கிடைத்த பழைய தமிழ் எழுத்துக்கு இரண்டாயிரத்துச் சில நூறு ஆண்டு வயது. அதுவே எனக்குப் பெரிய பெருமை. இல்லாததைச் சேர்க்க எனக்கு மனசில்லை. போன வாரம் கை தட்டியது என் தப்பு.

இன்னொரு விஷயம். டில்லியிலும் இப்படி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. டில்லியின் ரிட்ஜ் காட்டுப் பாறைகளுக்கு நடுவிலும், சூரஜ்குண்ட் பக்கம் அனங்பூரிலும் பழைய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

இதைக் கேள்விப்பட்டு, தோட்ட வேலைக்குப் போகும் அண்ணன் ரிட்ஜிலிருந்து ஒரு கல் கொண்டு வந்திருக்கிறார். அண்ணே, எடுத்த இடம் ஞாபகம் இருக்கிறதா? அடுத்த முறை தொடாமல் வந்து சொல்லுங்கள். எந்த மண்ணில் கிடந்தது என்று தெரியாவிட்டால் கல்லுக்கு வயது பார்ப்பது கஷ்டம்.

இந்தக் கல் ஒரு பக்கம்தான் உடைந்திருக்கிறது. கருவி என்றால் பல இடத்தில் தட்டிச் செதுக்கிய தழும்பு இருக்க வேண்டும். எனக்கு இது சாதாரணக் கல்லாகத்தான் தோன்றுகிறது. தாத்தா, நீங்கள் முதலில் வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.