சகேயு வீட்டுக் கணக்கு
(ஆண்டு நிறைவு ஆராதனையில் ஆற்றிய உரை)

இந்தக் கனடா மண்ணிலே நமது சபையை இன்னுமொரு ஆண்டு நடத்திவந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நான் எதை விசுவாசிக்கிறேன், அதை எப்படி வாழ்வது என்று பேசும்படி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவனைக் கொண்டே சொல்கிறேன். அவன் சகேயு.

லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் அவனைக் காண்கிறோம். எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன், குள்ளன். ரோமருக்காக வரி வாங்கி, அதற்கு மேலும் பிடுங்குகிறவர்கள் என்று ஆயக்காரரை ஊர் வெறுத்தது. காட்டத்தி மரத்தில் ஏறியிருந்த அவனை இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்டார். கவனியுங்கள் பிள்ளைகளே, முதலில் காசைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கே அவன் வீட்டில் தங்க வந்தார். இதுதான் என் விசுவாசம். நாம் நல்லவர்களான பிறகு தேவன் நம்மை நேசிக்கத் தொடங்கவில்லை. அவர் முந்தி நேசித்தபடியால் நாம் மாறுகிறோம். அதற்குப் பெயர் கிருபை.

கதை அத்தோடு முடியவில்லை. சகேயு எழுந்து நின்று, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகவும் சொன்னான். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின்படி, ஏமாற்றி எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். 100 எடுத்தவன் 120 கொடுக்க வேண்டும். சகேயுவோ 400 கொடுக்க முன்வந்தான். அதன் பிறகுதான், அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார்.

அன்பானவர்களே, நாம் இங்கு வந்த புதிதில் ஒருவரையொருவர் நம்பியே சீட்டுப் பிடித்தோம், கைமாற்றுக் கொடுத்தோம். இன்று ஒரே ஆலயத்தில் ஆராதித்தும், கதைக்காமல் வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. காரணம் ஒரு சீட்டுக் காசு, அல்லது ஊரிலே ஒரு துண்டுக் காணி. "ஜெபித்தேன், ஆண்டவர் மன்னித்துவிட்டார்" என்கிறோம். அவர் மன்னிக்கிறவர்தான். ஆனால் மற்றவருடைய காசு இன்னும் நம் வீட்டில் இருக்கிறதே! காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5-இல் ஆண்டவர் கற்பித்தாரல்லவா?

மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதம் 50 டொலர் கொடுங்கள். அதற்கும் வழியில்லையென்றால், நேரில் போய் உள்ளதைச் சொல்லுங்கள். காசு வரவேண்டியவர்களே, அப்படி வருகிறவரை வாசலில் நிறுத்தாதிருங்கள். உட்காரவைத்து ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

பிள்ளைகளே, கூட்டாளியின் பென்சிலை உடைத்தால் மன்னிப்புக் கேளுங்கள், வேறொன்றும் வாங்கிக் கொடுங்கள். ஒருவரைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால், யாரிடம் சொன்னீர்களோ அவரிடமே போய் உண்மையைச் சொல்லுங்கள். பயமாயிருந்தால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த திருவிருந்துக்கு முன்பாக, நாம் ஒவ்வொருவரும் போகவேண்டிய ஒரு வீட்டுக்காவது போய்வர ஆண்டவர் நமக்குப் பெலன் தருவாராக. ஆமென்.